சட்டை வாங்கிக் கொடுத்தவர்கள்

மூன்றாம் மாடிக் குழந்தை அழுதால் அதன் அம்மாவுக்குக் கேட்காது. அன்றைக்கு அது போட்டிருக்கும் சட்டையை யார் கொடுத்தார்களோ, அவர்கள் வீட்டில்தான் கேட்கும். குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே கட்டடம் முழுக்க இது தெரிந்துவிட்டது. சோப்பும் பவுடரும் கொசுவலையும் கொடுத்தவர்கள் தப்பித்தார்கள். உபயோகமாகவும் இருக்கட்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று பருத்திச் சட்டை கொடுத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரி முதலில் வந்தாள். "ஏம்மா, உன் பொண்ணு எங்க வீட்டு பீரோவுக்குள்ள உக்காந்து கத்துறா. பசியா என்னன்னு பாரு," என்றாள். குழந்தை தொட்டிலில்தான் இருந்தது. வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பால் கொடுத்து முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். போகும்போது காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள், முதல் மாடியிலிருக்கும் கணக்கர் வந்தார். ஓய்வுபெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அவர் கொடுத்தது கழுத்துப்பட்டி இல்லாத மஞ்சள் சட்டை. "நியூஸ் வாசிக்கிறவனையும் மீறிக் கத்துதும்மா," என்று குறைப்பட்டார். ஆனாலும் ஒரு டீ குடிக்கும் நேரம் இருந்தார்.

குழந்தையின் அம்மாவுக்கு அதுவே பெரிதாக இருந்தது. கணவன் கப்பலில் இருந்தான். பணம் அனுப்பினான், சட்டை அனுப்பவில்லை. பிறந்த வீட்டோடு பேச்சு நின்றுபோயிருந்தது. தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்பது அவள் வேலை. வருஷக்கணக்காக ஊரார் குறைகளைக் காதில் வாங்கியவள், இப்போது பிரசவ விடுப்பில், ஃபிரிட்ஜின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே காலையில் சட்டை மாட்டும்போது, இன்றைக்கு யார் வந்தால் தேவலை என்று யோசிக்க ஆரம்பித்தாள். பேச்சு வேண்டுமென்றால் மருந்துக்கடைக்காரியின் பூப்போட்டது. பக்கத்தில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமென்றால் கணக்கரின் மஞ்சள். குழந்தையின் வாய் திறப்பதைப் பார்ப்பாள். உடனே தூக்கியிருக்கலாம். தூக்காமல் கதவைப் பார்ப்பாள். இப்படியே மாதங்கள் போயின. சட்டைகள் குட்டையாயின, ஓரம் பிரித்துவிட்டு மாட்டினாள்.

ஒரு நாள் கணக்கர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கண் ஆபரேஷனுக்காக மகள் ஊருக்குப் போய்விட்டார். மஞ்சள் சட்டையில் குழந்தை அழுதது. பூட்டிய வீட்டுக்குள் அந்த அழுகை அறை அறையாகச் சுற்றி வந்திருக்கும். அவள் கதவைப் பார்த்தபடி இருந்தாள். யாரும் வரக் காணோமே என்று திரும்பியபோது, குழந்தையும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பக்கம் அது திரும்பவே இல்லை.

அன்றைக்கே கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான வெள்ளைச் சட்டை ஒன்றைத் தன் காசில் வாங்கினாள். மாட்டிய சற்று நேரத்தில் தன் மகளின் அழுகையை முதன்முதலாகக் கேட்டாள். நினைத்ததைவிடக் கரகரப்பான குரல். வாரி எடுத்து மார்போடு அணைத்தாள், நின்றது. மனப்பாடம் செய்த பதில்கள் எதுவும் தேவைப்படாத புகார். அதன்பிறகு அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை. பேசும் குரலே மறந்துவிடுமோ என்று சில பகல்களில் பயந்தாள். இருந்தும் சட்டையை மாற்றவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய கணக்கர் கறுப்புக் கண்ணாடியோடு படியேறி வந்தார்.

"என்னம்மா, என் வீட்டுல சத்தத்தையே காணோம்?"

"அந்தச் சட்டை இப்ப பத்தாதுங்க சார்."

"பத்தலைன்னா சொல்ல மாட்டியா? புள்ளைன்னா வளரத்தானே செய்யும்." கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அதே மஞ்சள், ஓர் அளவு பெரியது. "மத்தியானத்துக்கு மட்டும் போட்டு விடு. மத்த நேரம் உன் இஷ்டம்."

அப்படியே ஏற்பாடாயிற்று. மத்தியானம் கணக்கருக்கு, சாயங்காலம் மருந்துக்கடைக்காரிக்கு. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, தண்ணீர் வரும் நேரத்தோடு இதையும் சொல்லிவிடுவார்கள். இரவுகளை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.