பரண்மேல் வைத்த கைத்தடி

வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. அண்ணன் இன்னும் கட்டிலடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

"அப்பாவோட கைத்தடி எங்கம்மா? அவரு பக்கத்துல வைக்கணும்."

பதில் தெரிந்த மகள், கிடத்தியிருந்த அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தாள். தடி பரண்மேல் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, அவள்தான் வைத்தாள்.

வளர்ந்தவர்களுக்கு நடை சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். முதுகுவலிக்காரர்களும் முழங்கால்வலிக்காரர்களும் அவள் வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால், உள்ளங்கால், விரல் என்று ஒவ்வொன்றாகப் பதித்து, கவனித்து நடப்பார்கள். அப்பா நாற்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தே கூன் விழுந்தவர். "ஊருக்கெல்லாம் சொல்லித் தர்ற. எனக்கு மட்டும் கிடையாதா?" என்று கிண்டலாகத்தான் கேட்டார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தடி இருந்தா காலு சோம்பேறியாயிடும்ப்பா. கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க. தரை எங்க இருக்குன்னு பாதத்துக்கே தெரியும்."

சொன்னதைத் தட்டாத மாணவர் அவர். நேற்றுக் காலை டம்ளரைக் கழுவப் போனவர், நேராகப் பார்த்தபடியே சமையலறைக்குள் கால் வைத்தார். அங்கே ஒரு படி இறங்க வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு படி இருப்பது, பாடம் சொன்னபோது அவளுக்கு ஞாபகம் வரவே இல்லை. விழுந்ததில் தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அவரேதான் வேணாம்னு எங்கயோ தூக்கிப் போட்டாரு. விடுடா," என்றாள் அம்மா திடீரென்று.

ஒரு நிமிஷம் அந்தப் பொய் மகளுக்கு இதமாக இருந்தது. இதமாக இருந்ததே என்று உடம்பு கூசியது.

"இல்லண்ணா. நான்தான் பிடுங்கி பரண்மேல வெச்சேன். தடி இல்லாம நடங்கன்னு நான்தான் சொன்னேன்."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தடியை எடுத்து, தூசியைத் துண்டால் துடைத்தான். அப்பா பக்கத்தில் வைத்தான். நாலு அறை அறைந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

அப்பாவைத் தூக்கினார்கள். அம்மா தட்டுத்தடுமாறி எழுந்தாள். மகள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள்.

"என்னைப் பிடிச்சுக்கோம்மா."

அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.