உம்மாவின் பொருத்தம்

முதல் கடிதம் என் காக்காவின், அதாவது அண்ணனின், பள்ளித் தோழன் பாலகுமாருக்குத்தான் வந்தது. சாத்தம் ஜெட்டியில் கப்பல் வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டே நீட்டினான்.

"உங்க காக்காவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு ஜஸ்னா. எட்டாவது படிக்கிறப்ப என் சைக்கிளைக் கடல்ல தள்ளிவிட்டது அவன்தானாம். பொருந்திக்கடான்னு எழுதியிருக்கான். அப்படின்னா என்ன?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த தவறுகளைப் பொருந்திக்கொள்ளும்படி, அதாவது மனதார மன்னிக்கும்படி, கேட்பது எங்கள் வழக்கம். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்ற பயம்தான். என் அண்ணன் ஜாஹிர் ஹஜ்ஜுக்கா போயிருக்கிறான்? எல்லையில் சண்டைக்கல்லவா போயிருக்கிறான்! அங்கே போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதனால்தான் கடிதம்.

அடுத்தது வாப்பாவுக்கு. டியூஷன் என்று சொல்லிவிட்டுக் கால்பந்து ஆடப் போனதற்காக. வாப்பா கடையிலேயே உட்கார்ந்து, "பொருந்திவிட்டேன்" என்று பதில் எழுதிப் போட்டார். பிறகு எனக்கு. என் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டியதற்காக. எருமை, அது யார் வேலை என்று எனக்கு அப்போதே தெரியும். பொருந்திட்டேன் என்று நானும் பதில் எழுதிப் போட்டேன்.

தபால்காரர் வந்தாலே உம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். இனி தன்னுடைய கடிதம்தான் பாக்கி என்று அவளுக்குத் தெரியும்.

அதுவும் வந்தது. 'உங்கள் பேச்சை மீறிப் பட்டாளத்தில் சேர்ந்தேன். பொருந்திக்கொள்ளுங்கள் உம்மா.' அவ்வளவுதான்.

"பொருந்தலைன்னு எழுது" என்றாள்.

"உம்மா!"

"எழுதுடி. நான் பொருந்திட்டா அவன் நிம்மதியாப் போயிருவான். பொருந்தலைன்னா, சுட்டி வாங்கிக்கிட்டு லீவுல நேர்ல வந்து கேட்டுத்தானே ஆகணும்?"

வாப்பா திட்டினார். நான் கெஞ்சினேன். கடைசியில் எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் சொன்னதில் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். உம்மா அவன் அறையைக் கழுவிவிட்டாள். அவன் போன் மட்டும் அணைந்தே கிடந்தது.

பிறகு எங்கள் கடிதம் திரும்பி வந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை. மேலே சிவப்பு மையில் ஹிந்தியில் எழுதியிருந்தது: பெறுநர் இங்கே இல்லை.

உம்மா உறையைத் தடவிப் பார்த்தாள். "அப்ப அவன் இதைப் படிக்கலையா?"

"இல்ல உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். பேனாவை எடு. பொருந்திட்டேன்னு எழுது, சீக்கிரம்."

எழுதினேன். மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். உம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே எந்த விலாசத்தை எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.