பள்ளிக்கூடத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி

வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. மூன்று படி இறங்கி இடது பக்கம் திரும்பினால் எண்பத்தெட்டாவது அடியில் விளக்குக் கம்பம். அதைத் தொட்டுவிட்டு நேராகப் போனால் ரொட்டிக் கடை வாசனை. நானூற்று அறுபதாவது அடியில் நடைபாதை முடிந்துவிடும். அங்கே ஒரு படி இறக்கம், ரோட்டைக் கடந்தால் ஒரு படி ஏற்றம். சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல பாட்டி இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கண்ணை நம்பி நடந்த காலம் போய்க் காலை நம்பி நடக்கிற காலம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பேத்தியைத் தவிர.

பேத்திக்கு ஏழு வயது. வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மா, அதாவது பாட்டியின் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை போய்விடுவார். எனவே மாலை மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று வாண்டைக் கூட்டிக்கொண்டு வருவது பாட்டியின் வேலை. வேலை என்ன வேலை, அவள் பிழைத்துக் கிடப்பதே அதற்காகத்தான்.

கோடையில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய்வந்தாள். நரம்பு பட்டுப்போகிறது, போன பார்வை வராது, இருப்பதைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம் என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து பொத்தான் டப்பாவுக்குள் ஒளிந்துகொண்டது. நாளெல்லாம் ஊரார் கண்ணையும் நாக்கையும் பார்க்கிற மகள், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கண்ணை மூடிக்கொள்வாள். அம்மாவின் கண்ணைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்.

ஆனால் பால் பொங்கி அடுப்பை அணைத்தது இரண்டு தடவை. மூன்றாம் தடவை பாத்திரமே கருகிவிட்டது. அன்றைக்கு மகள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, உனக்கு மறதி வந்துடுச்சு. நான் தப்பா சொல்லல. இன்னொரு தடவை எதாவது ஆச்சுன்னா வாண்டை மாலைக் காப்பகத்துல சேர்த்துடறேன். நீ அண்ணன் வீட்டுக்குப் போயிடு. அங்க உனக்கு ஒரு வேலையும் இருக்காது."

ஒரு வேலையும் இருக்காது. அந்த வீட்டில் கடைசி அறை ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மருமகள் நல்லவள்தான், வேளாவேளைக்குத் தட்டு வரும். தட்டோடு சரி.

அதனால் மறதி என்றே இருக்கட்டும் என்று பாட்டி விட்டுவிட்டாள். மறதியை நாலு நல்ல நாள் காட்டிச் சமாளிக்கலாம். கண்ணுக்கு என்ன காட்டுவது?

வாண்டிடம் மறைக்க முடியவில்லை. ஒருநாள் ரோட்டு விளிம்பில் பாட்டி தடுமாறியபோது, அது மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "உனக்குப் படி தெரியலயா?" என்று கேட்டது. இல்லை என்றாள் பாட்டி. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து விளிம்பு வந்ததும் "படி" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பள்ளம் வந்தால் "குழி", சைக்கிள் வந்தால் "நில்லு". யாராவது எதிரில் வந்தால், "ரொட்டிக் கடைக்காரர் வர்றார், சிரி" என்று சொல்லும். பாட்டியும் காற்றைப் பார்த்துச் சிரித்து வைப்பாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பாட்டி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லத் தேவைப்படவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் பாட்டி வாண்டிடமும் சொல்லவில்லை. சாம்பல் நிறக் கோட்டும் சாம்பல் நிறக் குல்லாவுமாக நூறு பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவரும்போது, தன் பேத்தி எது என்று அவளுக்குத் தெரியாது. கறுப்பும் பழுப்பும் சாம்பலும் ஒன்றாகிவிட்ட கண்ணில் சிவப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதற்காகவே, குளிர் வருவதற்கு முன்னாலேயே, தடவித் தடவிச் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு மப்ளர் பின்னி வாண்டின் கழுத்தில் சுற்றிவிட்டாள். படி தெரியாது என்று குழந்தையிடம் சொல்லிவிடலாம். உன் முகம் எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது.

இலை உதிர ஆரம்பித்ததும் பாதையின் கணக்குக் குழம்பிப் போயிற்று. நடைபாதை எது, ரோடு எது என்று தெரியாமல் எல்லாவற்றின்மேலும் இலை. கூட்டுகிறவர்கள் இன்றைக்கு ஒரு பக்கம் குவிப்பார்கள், நாளைக்கு வேறு பக்கம். விளக்குக் கம்பத்தைத் தேடிப் போனால் முழங்கால்வரை இலைக்குள் போய் நிற்பாள். தினமும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்தது, பிறகு இருபது.

காலை நேரத்தில் அவள் சலவைக் கடைக்குப் போவாள். வீட்டிலிருந்து எதிர்த்திசையில் இருநூற்று நாற்பது அடி. பெட்டிக்குள் தூங்கிய மேல்கோட்டெல்லாம் பொத்தான் உதிர்ந்து வெளியே வருகிற பருவம் இது. அவள் பொத்தான் தைப்பாள். துவாரம் இரண்டா நாலா, மேடா பள்ளமா என்று விரல் சொல்லிவிடும். ஊசி கோப்பதுதான் முடியாது. இஸ்திரி மேசையில் நிற்கிறவள் காலையிலேயே பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்துத் துணியில் குத்தி வைத்துவிடுவாள்.

"என்ன பாட்டி, வர வர ஊசிக்குக் காது சின்னதாயிட்டே போகுதா?" என்பாள்.

"உனக்கு வாய் பெருசாயிட்டே போகுதுல்ல, அது மாதிரிதான்டி," என்பாள் பாட்டி.

இஸ்திரிக்காரிக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல இருப்பாள். மகளிடம் சொல்லிவிடுங்கள் என்று ஒருதரம் மட்டும் சொன்னாள். சொன்னால் பெட்டி கட்டி அனுப்பிவிடுவாள் என்றாள் பாட்டி. பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

அந்த வியாழக்கிழமை கடைக்காரர் ஒரு கோட்டைக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் போட்டார். கஞ்சி போட்ட காலரோடு மரக்கட்டைபோல நடப்பதால் அவருக்கு மொடமொட என்று பேர். கறுப்புக் கோட்டில் பாட்டி தைத்த ஆறு பொத்தானும் பழுப்பு. கோட்டுக்குச் சொந்தக்காரர் அதைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார். மொடமொட கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும், நாளையிலிருந்து ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொல்லியும் பேசினார். இஸ்திரிக்காரி அந்தப் பக்கம் நின்று நீராவியை உஸ்ஸென்று விட்டுக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா, கோபமா என்று பாட்டிக்குத் தெரியவில்லை. மீதமிருந்த ஊசிகளைத் தடவிப் பார்த்தாள். ஏழு. ஏழையும் அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

சரி, போனது கடைதானே, பிள்ளை இருக்கிறாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் மூன்று மணிக்குக் கிளம்பினாள். மழை பிடித்துக்கொண்டது. குடைமேல் விழுகிற சத்தத்தில் எண்ணிக்கை இரண்டு இடத்தில் தவறிப்போயிற்று. பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துவிட்டிருந்தது. குடைகளும் தள்ளுமுள்ளுமாகக் கூட்டம். அன்றைக்கென்று வழக்கமான டீச்சர் வரவில்லை. புதிதாக ஒருத்தி நின்று, யார் யாரோடு என்று கத்திக்கொண்டிருந்தாள். பாட்டிக்குச் சாம்பல் நிறத்தின் நடுவே சிவப்புத் தெரிந்தது. உயிர் வந்தது. கையை நீட்டினாள். சின்னக் கை ஒன்று அதில் வந்து உட்கார்ந்தது.

"வா கண்ணு, ஓடிடலாம்."

வழியெல்லாம் பாட்டிதான் பேசினாள். கடை போன கதையைச் சிரிப்பாக்கிச் சொன்னாள். சாவு வீட்டில் பழுப்புப் பொத்தானோடு ஒருத்தர் நின்றாராம் என்றாள். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. குளிர் போலிருக்கிறது என்று பாட்டி விட்டுவிட்டாள். நூற்று ஐம்பது அடி வந்திருக்கும். இந்நேரம் "படி" வர வேண்டும். வரவில்லை. இன்னும் இரண்டு அடி இருக்கும்போல என்று காலை வைத்தாள்.

அங்கே தரை இல்லை.

முழங்கால் ரோட்டில் இடித்தது. குடை எங்கேயோ உருண்டது. வலிக்கும் முன்னால் பாட்டிக்கு வேறொன்று உறைத்தது. கையைத் தூக்கி, குல்லாவின் கீழே பிள்ளையின் பிடரியைத் தொட்டாள். சுருட்டை முடி. வாண்டுக்குக் கோரை முடி.

"நீ யாரு?"

"நான் அவ ஃப்ரெண்டு," என்றது பிள்ளை. இருமிக்கொண்டே சொன்னது: "எனக்குக் குளிருதுன்னு அவதான் இதைக் கட்டிவிட்டா. அவ க்ளவுஸ் தேட உள்ள போயிட்டா."

"நான் கையப் பிடிச்சப்ப சொல்லியிருக்கலாமே கண்ணு."

"பெரியவங்க கூப்பிட்டாங்கன்னு வந்தேன்."

பாட்டி அந்தக் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். யாரோ பெற்ற பிள்ளையை மழையில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தன் பிள்ளையை வாசலில் விட்டிருக்கிறாள். எழுந்து நின்றாள். எந்தப் பக்கம் விழுந்தாள், எந்தப் பக்கம் திரும்பி எழுந்தாள் என்று தெரியவில்லை. சுற்றிலும் ஈர இலையின் மங்கல். பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியுமா என்று கேட்டாள். பிள்ளைக்கு இந்தத் தெரு தெரியாது, அது அம்மாவோடு பஸ்ஸில் போகிற பிள்ளை. என்ன தெரிகிறது, பார்த்துச் சொல் என்றாள்.

"இலை."

"அப்புறம்?"

"நிறைய இலை."

இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி கோட்டுப் போட்ட பிள்ளைங்க யாராவது வர்றாங்களா? எந்தப் பக்கத்துலேருந்து?" என்றாள்.

"அந்தப் பக்கம்."

"கையைக் காட்டாத கண்ணு. என்னை இழுத்துட்டுப் போ."

அது இழுத்தது. பாட்டி போனாள். இலைக் குவியலில் இரண்டு தடவை வழுக்கினாள். எண்ணவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது.

வாசலில் சத்தம் தூரத்திலேயே கேட்டது. சுருட்டைமுடியின் அம்மா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் கத்தலை நிறுத்திவிட்டு ஓடிவந்து பாட்டியின் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டாள். புது டீச்சர் மூச்சு வாங்கினாள். அப்புறம் ஒரு வாசனை. ஆஸ்பத்திரி மருந்து வாசனை. ஆஸ்பத்திரி பின்தெருவில்தான். போன் போட்டிருக்கிறார்கள். மகள் வந்துவிட்டாள்.

"அம்மா," என்றாள் மகள்.

அப்போது வாண்டு பேசியது. கணீரென்று, பள்ளிக்கூட விழாவில் ஒப்பிப்பதுபோல.

"நான்தான் பாட்டிகிட்ட சொன்னேன். நேத்தே சொன்னேன். அவளுக்கு இருமலா இருக்கு, ரொட்டிக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சூடா பால் வாங்கிக் குடு, நான் க்ளவுஸ் எடுத்துட்டு வரேன்னு. பாட்டி மேல தப்பு இல்ல. டீச்சர்கிட்ட சொல்ல நான் மறந்துட்டேன்."

மூச்சு விடாமல் சொன்னது. தடுமாறவில்லை. சுருட்டைமுடி இருமியது, அதுவும் சாட்சிபோல ஆகிவிட்டது. அவள் அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். அடுத்த தடவை சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள் என்று டீச்சர் மகளிடம் வருத்தம் தெரிவித்தாள். மகள் வாண்டின் தலையில் லேசாகக் குட்டினாள். பிறகு பாட்டியின் முழங்காலைப் பார்த்து, விழுந்தியா, ஈரத்தில் பார்த்து வரக் கூடாதா என்றாள். குரலில் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் பெட்டி கட்டுகிற சத்தம் இல்லை. தப்பித்தாயிற்று.

மூன்று பேரும் நடந்தார்கள். மகள் ஒருபுறம் குடை பிடித்துக்கொண்டு, வாண்டு மறுபுறம் கையைப் பிடித்துக்கொண்டு. பாட்டிக்கு எண்ணிக்கை தானாக வந்துவிட்டது. நூறு. நூற்று இருபது. நாளைக்கும் வரலாம். நாளை மறுநாளும். வாண்டு இருக்கும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. நூற்று நாற்பது. நூற்று ஐம்பது.

அம்மா பக்கத்தில் இருப்பதால் வாண்டு "படி" என்று சொல்லவில்லை. பாட்டியின் சுண்டுவிரலை இரண்டு தடவை அமுக்கியது.

அது யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்துக்கு அதுவே கண்டுபிடித்தது. ஏழு வயதில், அம்மா காதில் விழாமல் எப்படிப் பேசுவது என்று. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அவ்வளவு கணீரென்று பேசிய பிள்ளையின் கை, இந்த நேரம்வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டி தன் பயத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

பாட்டி விளிம்பில் நின்றுவிட்டாள்.

"பிள்ளை பொய் சொல்லுது," என்றாள். "யாரும் பால் வாங்கித் தரச் சொல்லல. எனக்கு ஆள் அடையாளம் தெரியல. சிவப்பைப் பார்த்துக் கையைப் பிடிச்சேன்."

"என்னம்மா உளர்ற?"

"மறதி இல்லடி. கண்ணுதான்."

மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது. மகள் குடையை வாண்டின் கையில் கொடுக்கிற சத்தம் கேட்டது. மருந்து வாசனை நேர் எதிரே வந்து நின்றது. ஒரு கை பாட்டியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மகள் அவள் முகத்தைப் பார்க்கிறாள் என்று பாட்டிக்குத் தோன்றியது. பார்க்கிறாள் என்று நம்பத்தான் முடிந்தது.

"அம்மா, இங்க பாரு. இது எத்தனை விரல்?"

மங்கலுக்குள் மங்கலாக ஏதோ அசைந்தது. பாட்டி வாயைத் திறக்குமுன் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து, உதடு அசையாமல் பேசப் பழகிய ஒரு குரல் கிசுகிசுத்தது.

"மூணு, பாட்டி. மூணு."

பாட்டி அந்தச் சின்னக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலடி," என்றாள்.