பழையதே தொடரவும்

அவளுக்குக் காலில் சக்கரம் என்று கணவன் கேலி செய்வான். எங்காவது நரம்பியல் டாக்டர் விடுப்பில் போனால், அவர் நாற்காலியில் இரண்டு வாரம், மூன்று வாரம் உட்கார்ந்து எழுவதுதான் அவள் பிழைப்பு. மூன்று வருடத்தில் பதினோரு மருத்துவமனை. தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள்: இருக்கிறவர் எழுதிய மருந்தில் கை வைக்காதே, 'பழையதே தொடரவும்' என்று எழுதிவிட்டுப் பெட்டியைக் கட்டு. ஊர் வம்பு நமக்கெதற்கு?

இங்கே இது கடைசி நாள். மூன்று மணிக்கு ரயில். ஒன்றரை மணிக்குள் கடிகாரத்தை நூறு தடவை பார்த்துவிட்டாள். அப்போதுதான் தையல்காரரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். அவள் வந்த முதல் நாளே பார்த்தவர்கள்தான். அவருக்கு இரண்டு கையும் நடுங்கும். நடுக்குவாதம் என்று, இப்போது விடுப்பில் போயிருக்கும் பெரிய டாக்டர் எழுதி வைத்திருந்தார்.

"இவரால இனிமே தைக்க முடியாதுன்னு ஒரு கடுதாசி வேணும் டாக்டரம்மா," என்றாள் மனைவி. "கம்பெனியில கேக்கறாங்க. குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுடலாம்."

அதற்கென்று ஒரு படிவம் உண்டு; சாப்பிடும் மருந்தெல்லாம் எழுத அதில் ஓர் இடம் இருந்தது. மனைவி மருந்துப் பையை மேஜைமேல் கவிழ்த்தாள்.

"இந்த மஞ்சள் மாத்திரை அட்டை எதுக்கு?"

"தலைசுத்தலுக்கு. நாலு வருஷமா."

"நடுக்கம் எப்பலேர்ந்து?"

"அதுக்கப்புறம் ஒரு ஆறு மாசத்துல."

டாக்டர் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரை இன்னொரு தடவை படித்தாள். முதல் நாளும் இதே பை அந்த அம்மாளின் மடியில்தான் இருந்தது. திறக்கச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. படித்தவள் செய்கிற காரியமா இது!

"இந்த மாத்திரையே கைய நடுங்க வைக்கும். நிறுத்திப் பாக்கலாம். சில மாசம் ஆகும். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்."

தையல்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இத எழுதினதே பெரிய டாக்டர்தான். மூணு மாசம் கழிச்சு வந்தா நீங்க இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன்."

அங்கேதான் இடித்தது. திங்கட்கிழமை பெரிய டாக்டர் வருவார். வந்து போன எவளோ ஒருத்தி தன் மேல் குறை சொல்கிறாளா என்று முறுக்கிக்கொண்டு மறுபடி அதையே எழுதினால், இவர் கை போனது போனதுதான். அவர் மனம் கோணாமல் இதைச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. தையல்காரரின் ஃபைலை இழுத்து, "முதல் நாள் மருந்துப் பையைப் பார்க்காமலே 'பழையதே தொடரவும்' என்று எழுதினேன். தவறு என்னுடையது" என்று எழுதினாள். அதற்குக் கீழேதான் மாத்திரையை நிறுத்தியதையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் குனிந்து படித்தாள். "இப்படி எழுதினா அடுத்த தடவ உங்களக் கூப்பிட மாட்டாங்களே மேடம்."

"கூப்பிடாட்டா போகட்டும்."

கம்பெனிக்குக் கடிதமும் எழுதினாள்: மூன்று மாத விடுப்பு, அவ்வளவுதான். தையல்காரர் அதை வாங்கி மறுபடி மறுபடி படித்தார். மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் மறந்துடுவார்னு நான்தான் தெனம் எடுத்துக் குடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறல."

டாக்டர் நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க குடுக்கலம்மா," என்றாள். "நாங்க குடுத்தோம்."