எதிரே நிற்பவரின் இடது கை

...துடைக்கத் துடைக்கப் போகவே மாட்டேன் என்கிறது ஸ்கேனுக்குத் தடவிய இந்தப் பசை, அக்குளில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், ஜில்லென்று, இன்னொரு காகிதத் துண்டை உருவினாள், அதுவும் தோலோடு ஒட்டிக்கொண்டு நார் நாராகக் கிழிந்தது... நல்ல சேதிதானே சொன்னார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா தன் வாயாலேயே சொல்லிவிட்டார், பிறகு ஏன் இப்படி இருக்கிறது? வெகு நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி, கால் மட்டுமில்லை, ஆளே முழுக்க. மார்பகப் படத்தில் ஏதோ தெரிகிறது, இன்னொரு தடவை வந்து போங்கள் என்று போனில் கூப்பிட்டார்களே, அன்றிலிருந்தே இப்படித்தான். அழவில்லை. பயம்கூட வந்த மாதிரி தெரியவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், கூடத்துக்குப் போய் உடற்பயிற்சி வகுப்பு எடுத்தாள், கைதட்டி எண்ணிக்கை சொன்னாள், எல்லாவற்றையும் வேறு யாரோ செய்ய இவள் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் காகிதத்தைப் போட்டுவிட்டு ரவிக்கையைத் தேடினாள்.

உள்ளே படம் எடுத்த பெண் சின்னப் பெண்தான், எதிரே முக்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "சமீபத்துல ஏதாச்சும் தடுப்பூசி போட்டீங்களா?" போட்டேன், மூன்று வாரம் இருக்கும், வீட்டில் எல்லோருமே போட்டுக்கொண்டோம். "எந்தக் கைல?" இடது. பட்டென்று வந்தது பதில், பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பிள்ளை சொல்வது போல. அப்புறம்தான் டாக்டரம்மா வந்தார், இடது அக்குளில் கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார், கூடவே நின்றிருந்த அக்காவுக்கும் சேர்த்துச் சொன்னார். "ஊசி போட்டா அந்தப் பக்கத்து அக்குள்ல நெறி கட்டறது சகஜம்தாம்மா. மருந்துக்கு உடம்பு வேலை செய்யுது, அவ்வளவுதான். படத்துல வேற மாதிரி தோணிடும், அதான் கூப்பிட்டோம். ஊசியும் இடது, நெறியும் இடது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பாத்துக்கலாம்." அக்கா சும்மா இருப்பாளா, தோண்டித் துருவாமல் அவளுக்குத் தூக்கம் வராது. "ஊசி வேற கைல போட்டிருந்தா டாக்டர்?" "அப்படின்னா விட்டிருக்க மாட்டேன். இன்னிக்கே ஊசி விட்டு அதுலேருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன். அதான் இல்லையே." அதான் இல்லையே. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல், போனில், இவள் புருஷனிடம்தான். "ஒண்ணுமில்லையாம் மாப்பிள்ளை, எல்லாம் ஊசி பண்ணின வேலையாம், மலை மாதிரி வந்தது பனி மாதிரி போச்சு..." அக்காவின் குரல் ஈரமாக இருந்தது, பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை அவளுக்கு. சித்திக்கும் இப்படித்தான் ஒண்ணுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று எல்லோருமாகச் சொல்லி, சித்தியும் சிரித்துக்கொண்டே இருந்து... அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, இவளும் திறக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும், இப்போது, இந்த நிமிஷம், ஊரே சந்தோஷப்படுகிறது. புருஷன் என்ன சொல்லியிருப்பார்? நான்தான் அப்பவே சொன்னேனே என்றிருப்பார். அவர் சொல்லாதது உலகத்தில் எதுதான் இருக்கிறது.

இடது கையை ரவிக்கைக்குள் நுழைத்தாள். நெறி கட்டிய இடத்தில் ஒரு நெருடல், வலி என்று சொல்ல முடியாது. ஊசி போட்ட அன்று எப்படி வலித்தது, கையைத் தூக்க முடியாமல், ராத்திரி புரளவே முடியாமல்... எந்தப் பக்கம் புரள முடியவில்லை? வலி ஞாபகம் இருக்கிறது, பக்கம் ஞாபகம் இல்லை, இதென்ன வேடிக்கை. ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள், நர்ஸ்கூடச் சிரித்தாள். இடதுதான். இடது என்று வாய் சொன்னதே... வாய். இந்த வாயை நம்பி யார் வண்டி ஓட்டுவார்கள்? காரில் போகும்போது இவள் இடது என்றால் புருஷன் வலதில் திருப்புவார், சரியாகப் போய்ச் சேர்வார்கள், "உன் பேச்சைக் கேட்டா ஊர் போய்ச் சேர்ந்தாப்பலதான்" என்பார். அவர் கேலி அவருக்கு. வகுப்பில் முப்பது பேருக்கு எதிரே நின்று பார்த்தால் தெரியும், தன் வலது கையைத் தூக்கிக்கொண்டே "இடது கை மேலே" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்கள் சரியாகத் தூக்குவார்கள். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி, எதிரே ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் போதும், அவர்களுடைய இடதுதான் இடது. எந்தக் கை என்று கேட்ட அந்தப் பெண் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்... கடைசிக் கொக்கி மாட்ட வரவில்லை, விரல்கள் யாருடையவோ போல இருந்தன.

வெளியே வந்தாள். அக்கா பையை வாங்கிக்கொண்டாள், நடந்துகொண்டே பேசினாள், முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும், உனக்கும் முகமே சரியில்லை, அந்தக் கேஷியர் வேறு ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்டி, நாளைக்கு வகுப்பு உண்டான்னு. கேஷியர், முதல் வரிசை, பேங்கில் ஓய்வு பெற்றவர், வகுப்புக்கு வருவதே அந்தத் தங்க நிறக் கடிகாரத்தைக் காட்டத்தான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். தப்பே செய்ய மாட்டார், இவள் செய்வதை அப்படியே செய்வார், ஊசிக்கு மறுநாள்கூட... மறுநாள். இவளுக்குக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, சொல்லவும் வெட்கம், பாதியில் நிறுத்தினாள், புதுப் பயிற்சி போலிருக்கிறது என்று அத்தனை பேரும் பாதியில் நிறுத்தினார்கள், ஒரு கை ஆகாயத்தில், ஒரு கை தோளோடு, கூடமே கோணலாக நின்றது, இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் வரிசையில் கேஷியர், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதியில் நின்ற கையில் வெயில் பட்டு மின்னியது, கண் கூசியது, ஆமாம், கூசியது... கடிகாரம்.

லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா உள்ளே போய்த் திரும்பி நின்றாள். "ஏறுடி, என்ன மரம் மாதிரி நிக்கறே? கை வலிக்குதா?" அப்போதுதான் பார்த்தாள், வலது கை தோள் வரை எழும்பி நின்றுகொண்டிருந்தது, யாரும் தூக்கச் சொல்லாமலே. கேஷியரின் கடிகாரம் எப்போதும் இடது மணிக்கட்டில். எதிரே நின்றவருடைய இடது, இவளுடைய வலது. கதவு மூட வந்தது, அக்கா காலை நீட்டித் தடுத்தாள்.

"அக்கா," என்றாள், "டாக்டரம்மா கிளம்பியிருப்பாங்களா?"