தாழ்ப்பாள் போட்ட குளியல்

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு எழுபது வயதுக்கு மேல் குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, மருந்து ஊசி எல்லாம் முடிந்து, நோய் போய்விட்டது என்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரைவருக்கு அந்தக் குலுக்கலே உறைக்கவில்லை. மருந்தில் விரல்களும் பாதங்களும் மரத்துப்போயிருந்தன. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தபின் மகன்தான் குளிப்பாட்டினான். மகன் முன்னால் துணியில்லாமல் உட்காரும்போதெல்லாம், இதற்காகவா பிழைத்தோம் என்று அவருக்கு உடம்பு கூசும்.

மாமனார் முகம் தொங்கிப்போனதை மருமகள்தான் கவனித்தாள். மருத்துவமனையில் சொல்லி ஆக்குபேஷனல் தெரபி பார்க்கும் பெண்ணை வீட்டுக்கு வரவழைத்தாள். அது தொழில்வழிச் சிகிச்சை என்றதும், ரிட்டயரானவனுக்கு இனி என்ன தொழில் என்று டிரைவர் முறுக்கிக்கொண்டார்.

வந்தவள் சிரித்தாள். அன்றாட வேலைகளை அவரே செய்துகொள்ளப் பழக்குவதுதான் தன் வேலை என்றாள். "ஐயா, மொதல்ல எதை நீங்களே செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

டிரைவர் மகன் பக்கம் திரும்பாமல் சொன்னார். "தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் குளிக்கணும்மா."

மகன் எழுந்துபோய்க் குளியலறை விளக்கைப் போட்டான்.

அவள் குளியலறையை மூலை மூலையாக அலசிப் பார்த்தாள். சுவரில் கைப்பிடி, தரையில் ரப்பர் விரிப்பு, உட்கார ஸ்டூல், நீளப் பிடி வைத்த பிரஷ், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் எல்லாம் வந்தன. தண்ணீர்ச் சூட்டை விரலை நம்பாமல் முழங்கையால் பார்க்கச் சொன்னாள். களைத்தால் கொஞ்சம் சும்மா உட்காருவதும் குளியலில் சேர்த்திதான் என்றாள். மகன் முதலில் உள்ளேயே நின்றான், அப்புறம் வாசலில், அப்புறம் கூடத்தில்.

ஒருநாள் காலை டிரைவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

பாதிக் குளியலில் மக் கைநழுவித் தடாலென்று உருண்டது. எட்டிப் பிடிக்கப் போனவர் சுதாரித்து, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பிரஷ்ஷால் மக்கைத் தன் பக்கம் இழுத்தார். வந்துவிட்டது. அதற்குள் மகன் கதவருகே ஓடிவந்திருந்தான்.

"மக்தான்டா விழுந்துச்சு, நான் விழல. போய் உன் வேலையப் பாரு."

அதன்பின் நிதானமாக, நுரை பொங்கப் பொங்கத் தேய்த்துக் குளித்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு மிதப்பு. காத்து நின்ற மகனையும் மருமகளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இனிமே காலைல எனக்கு அரைமணி நேரம் ஆகும். அவசரம்னா நீங்க முன்னாடியே குளிச்சுக்குங்க."