கீல் ஆணி மாற்றவில்லை

அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் கீலை நான் பழுது பார்க்கவில்லை. என் பெயரைச் சொல்லி விற்கப் பார்த்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

பர்மிங்காமில் ஒரே பட்டறையில் முப்பத்தோரு வருஷமாக அரம் பிடிக்கிறேன். துப்பாக்கிக்கு வயது நூற்றுப்பத்து. கீல் தேய்ந்து, குழல் ஒட்டி உட்காராமல் மயிரிழை விலகி நின்றது. புது ஆணி கடைய வேண்டும். இரும்பில் விளக்குப் புகையைப் பிடித்து, மூடிப் பார்த்து, கரி ஒட்டுகிற இடத்தை மட்டும் அரத்தால் தொட்டுத் தொட்டு உட்கார வைக்க வேண்டும். மூன்று நாள் வேலை.

"மூணு நாளா?" என்றான் கிளைவ், முதலாளியின் மகன். "ஆணியில மாட்டற கொக்கியில சுத்தியால நாலு போடு போடு பெருசு. இரும்பு பிதுங்கி இறுகிக்கும்."

"இருபது தோட்டா போனா திரும்ப ஆடும். கன்னத்துல வச்சு சுடற சாமான் தம்பி."

"பழசு சேக்கறவன் எங்க சுடப் போறான்? செவுத்துல மாட்டுவான்."

நான் தொடவில்லை. அவனே தட்டினான்.

சனிக்கிழமை திருமதி யார்ட்லி என்ற பண்ணைக்காரப் பெண்மணி வந்தார். விலை அட்டையை கிளைவ் என் மேசையிலேயே சாய்த்து வைத்திருந்தான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவன் நினைப்பு. ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். கூட்டிப் பார்த்தேன்: 'கீல் ஆணி புதிது. ஆர்னால்ட் டிப்பெட்ஸ் கைவேலை.'

என் பெயர்.

கிளைவ் சிகரெட் தாளைக் குழலுக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் இடையில் வைத்து மூடி இழுத்துக் காட்டினான். தாள் வரவில்லை. "எப்படிப் பிடிக்குது பாருங்க மேடம்," என்று துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தான்.

குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை அவன் கழற்றவே இல்லை. அதன் வில் அழுத்தினால் எந்த ஓட்டைத் துப்பாக்கியும் இறுக்கமாகத்தான் தெரியும்.

"கொஞ்சம் குடுங்கம்மா." முன்கட்டையைக் கழற்றி, பிடியைப் பற்றி உலுக்கினேன். டக் டக் என்று ஆடியது.

அந்தப் பெண்மணி கிளைவைப் பார்த்தார். "எம் பொண்ணு சுடறதுக்குல்ல கேட்டேன்?"

"பெருசு, திங்கக்கெழமை வேலைக்கு வராத," என்றான் கிளைவ்.

"வரல." அட்டையில் என் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை அவனிடம் நீட்டினேன். "நீதான தட்டுன. உன் பேரை எழுது."

அவன் எழுதவில்லை.